இரண்டு கையையும் தூக்கி

மூன்றாம் பாட்டும் முடியப்போகிறது, ஆண்டவரே, இது முடிந்தால் இவர் எழுந்திருக்க வேண்டும், பல்லவியை இன்னொரு தடவை பாடட்டும், வேண்டாம், சீக்கிரம் முடிக்கட்டும், ஐயோ முடிக்க வேண்டாம், எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கை தட்டுகிறேன், ஆனால் தாளம் என்னிடம் இல்லை. நெஞ்சுக்குள் ஒன்று ஓடுகிறது, அது இஸ்ரவேல் அண்ணாச்சி அடிக்கிற டிரம்மை விட வேகமாக ஓடுகிறது. கல்யாணத்தன்று காலையில் எனக்கு இப்படித்தான் இருந்தது. கெசியா பிறக்கப்போகிறாள் என்று வலி எடுத்தபோதும் இப்படித்தான், பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாமல். விடியுமுன்னே எழுந்து வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டேன், போட்டதற்கே மறுபடியும் போட்டேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார். இரண்டு கடைவாயும் சமமாக ஏறின சிரிப்பு. என் கண் முதலில் போவது அங்கேதான். ஏழு மாதமாய் நான் என் புருஷனின் கண்ணைப் பார்க்கிறதில்லை, கடைவாயைத்தான் பார்க்கிறேன். இதோ இப்போதும், பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது, ஆள் அவ்வளவு இளைத்துவிட்டார், வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருக்கிறார், தூங்குகிற பிள்ளையைப் போர்த்தி வைத்த மாதிரி. அந்தக் கை இன்னும் பாதி தூக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் வாய் விழித்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு இன்றைக்கு இவர், பாஸ்டர் ஏசாயா, பேசப்போகிறார். உப்பளத்துக்காரர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்கள், ஐஸ் கம்பெனிப் பெண்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள், பாய் போதாமல் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே இத்தனை பேர் வேர்வை வாசனையை முகர்ந்து எத்தனை நாளாயிற்று. மல்லிகைப்பூ மாதிரி மணக்கிறது எனக்கு. பூ வைக்காத, நகை போடாத சபைதான் நாங்கள், அதற்காக மணம் தெரியாமல் போகுமா.

மாரிக்கனி அக்கா முழங்கையால் இடிக்கிறாள். "என்னம்மா இப்படி நடுங்குதிய? காய்ச்சலா?" இல்லை அக்கா, இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். இவள் உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், பாதமெல்லாம் வெடித்துக் கிடக்கும், இவர் முதன்முதலில் இந்த ஊருக்கு ஊழியத்துக்கு வந்தபோது உப்பளத்து ஓலைக் கொட்டகையில் கூடின மூன்று பேரில் ஒருத்தி. மற்ற இரண்டு பேர் அவள் புருஷனும், அப்போது கல்யாணமாகாத நானும். புருஷன் அன்றைக்குக் குடித்திருந்தான், பாதி ஜெபத்தில் குறட்டை விட்டான். இவர் அதற்காக நிறுத்தவே இல்லை, ஆயிரம் பேருக்குப் பேசுகிற மாதிரி கையை வீசி வீசிப் பேசினார். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் அப்பா வாத்தியார், கோபுரமும் மணியும் வைத்த பெரிய சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்கிறவர், "கை தட்டுத கூட்டத்துக்கா என் மகளைக் குடுக்க?" என்று குதித்தார். அம்மா, வெறுங்கழுத்தோடு நான் கல்யாண மேடையில் நின்றதைப் பார்த்து அழுதாள், தாலி இல்லை, மோதிரம் இல்லை, ஒரு வேதப்புத்தகத்தை இவர் தன் கையிலிருந்து என் கைக்குக் கொடுத்தார், அதுதான் கல்யாணம். "ஒரு பொட்டுத் தங்கம் இல்லாம அனுப்புதேனே" என்றாள் அம்மா. தங்கபுஷ்பம் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அது போதாதா என்று இவர் கேட்டார். அம்மா அழுகையோடே சிரித்துவிட்டாள். அந்த மாதிரி வாய். எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று தேட வேண்டியதே இல்லை, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வார்த்தைகள் இவருக்குக் காத்திருக்கும். சைக்கிளில் போகும்போது பேச்சு, சோறு பிசையும்போது பேச்சு. நான் சில நாள் எரிச்சலில், கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? போ, அந்த நினைவு அப்பாலே போ. இன்றைக்குச் சந்தோஷ நாள்.

மழை. அன்றைக்கு மழை. நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முன்னே வந்து உட்காருகிறது. உபவாசக் கூட்டத்தின் கடைசி நாள், தகரத்தில் மழை கொட்டுகிறது, இவர் சோற்றை விட்டதோடு பிரஷர் மாத்திரையையும் சேர்த்து உபவாசம் போட்டிருந்தார், அது எங்கள் யாருக்கும் தெரியாது. பிரசங்கச் செய்தியின் உச்சத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பாஷை பேச ஆரம்பித்தார். ஆவியில் நிறைந்து, கேட்கிறவருக்கு விளங்காத பாஷையில் பேசுவது எங்கள் சபையில் புதிதா என்ன? ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது, குழைந்து குழைந்து, அழுகை மாதிரி. சபை எழும்பிவிட்டது. அல்லேலூயா, அல்லேலூயா என்று ஒரே முழக்கம். இஸ்ரவேல் அண்ணாச்சி டிரம்மைப் பிளக்கிறார், மாரிக்கனி அக்கா குதிக்கிறாள், நான் கண்ணை மூடி, கண்ணீர் ஓட, கை தட்டுகிறேன். இவ்வளவு வல்லமையாய் என்றைக்கு இறங்கினீர் ஆண்டவரே என்று தட்டுகிறேன். கண்ணைத் திறந்தபோது மைக் தரையில் கிடந்தது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, வாய் ஒரு பக்கமாய் இழுத்து, இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய்ப் பார்த்தார்? யாருக்கும் தெரியாது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்ட ஒரு மனுஷனைச் சுற்றி நின்று நாங்கள் அல்லேலூயா போட்டுக்கொண்டிருந்தோம். எல்லாரும் சேர்ந்துதான் போட்டோம், இப்போது யாரை யார் குறை சொல்ல? பிறகு, வெகு நாள் கழித்து, வார்த்தை கொஞ்சம் திரும்பின பிறகு கேட்டேன், அன்றைக்கு அங்கே நின்று என்ன சொன்னீங்க என்று. தேடித் தேடி, வியர்த்து, சொன்னார். "உன்... பேரு. பேரத்தான்... கூப்ட்டேன்."

பாட்டு இன்னும் ஓடுகிறது. ஸ்தோத்திரம். அந்த வார்த்தையை நினைத்தாலே இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது, மன்னியும் ஆண்டவரே. ஆஸ்பத்திரியில் இவருக்கு வாயில் மிஞ்சினது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வேண்டும் என்றால் ஸ்தோத்திரம். மூத்திரம் வருகிறது என்றால் ஸ்தோத்திரம். ஊசி குத்தினால், பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்தோத்திரம்! பக்கத்துப் படுக்கையில் கிடந்த மீனவர் ஒருவர், "யம்மா, இந்தச் சாமியாருக்கு எவ்வளவு பக்தி பாரேன்" என்று கும்பிட்டார். எனக்குத்தான் தெரியும் இவர் கேட்பது பெட்பேன் என்று. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு சொன்னாள், நாள்பட்ட பழக்கத்தில் தானாக வருகிற வார்த்தை மூளையில் வேறே இடத்தில் இருக்குமாம், யோசித்துச் சொல்லுகிற வார்த்தைதான் அறுந்துபோகுமாம். அதனால் பாட்டு முழுசாய் வரும், ஜெபம் தடையில்லாமல் வரும், "அந்தத் தலகாணியை எடு" என்று சொல்ல வராது. பாருங்களேன், முப்பது வருஷமாய்ப் பரலோக பாஷைக்காக உபவாசம் இருந்த மனுஷன், தலையணை என்ற ஒரு வார்த்தைக்காக அழுதார். நான் தலையணையை எடுத்து, இதற்குப் பேர் என்ன, இதற்குப் பேர் என்ன என்று, கெசியாவுக்கு ரெண்டு வயதில் சொல்லிக் கொடுத்த மாதிரி. தலையணை. தம்ளர். சீப்பு. புஷ்பம். என் பெயர் மட்டும் கடைசியில் வந்தது. அது பழக்க வார்த்தை இல்லை போல, யோசித்துச் சொல்லுகிற வார்த்தைதான் போல. அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை, யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே ஓரத்தில் கெசியா உட்கார்ந்திருக்கிறாள், திருநெல்வேலியில் நர்ஸ் வேலை, நேற்று ராத்திரிப் பஸ்ஸில் வந்து இறங்கினாள், மடியில் போன், ஆம்புலன்ஸ்காரன் நம்பரைத் தொட்டால் போகிற மாதிரி வைத்திருக்கிறாள். இவள்தான் எங்கள் வீட்டுக்குக் காலை ஜெபத்துக்கு முன்னால் இன்னொரு ஜெபம் வைத்துக் கொடுத்தவள். "அம்மா, டெய்லி எந்திச்ச உடனே மூணு. சிரிக்கச் சொல்லணும். ரெண்டு கையையும் தூக்கச் சொல்லணும். ஒரு வரி பேசச் சொல்லணும். மூணுல ஒண்ணு கோணுனாலும் ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாது, உடனே வண்டி." சரி என்று மறுநாளே இவரைச் செய்யச் சொன்னேன், இவர் சிரித்தார், கையைத் தூக்கினார், வலது கை தோளுக்கு மேல் ஏறாமல் நடுங்கியது, ஒரு வரி சொல்லுங்க என்றேன், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார் கணீரென்று. கெசியா விடவில்லை. "அதெல்லாம் கணக்குல சேராதுப்பா. அது நீங்க தூக்கத்துலயும் சொல்லுவிய. சாதா வார்த்தை சொல்லுங்க. வீட்டு வார்த்தை." இவர் யோசித்தார், முகமெல்லாம் சிவந்தது, இவருக்குச் சர்க்கரை வியாதியும் இருப்பதால் இவள் உத்தரவுப்படி நான் அரை ஸ்பூன்தான் போடுவேன், அந்தக் கோபமெல்லாம் திரண்டு வந்தது. "காப்பியில... சீனி... பத்தல." கெசியா துள்ளிக் குதித்தாள். அன்றிலிருந்து தினமும் அதுதான் வரி. விடிந்ததும் சிரிப்பு, இரண்டு கை, காப்பியில சீனி பத்தல. அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு இறங்கும். நேற்று இருவரும் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "பத்து நிமிஷந்தான்ப்பா. டாக்டர் அவ்வளவுதான் சொல்லியிருக்காரு. மேல போனா நானே வந்து மைக்கைப் புடுங்கிருவேன்." இவர் மெதுவாய், வார்த்தை வார்த்தையாய், "ஆவியானவர்... நடத்துனா?" என்றார். "அவருக்கும் பத்து நிமிஷந்தான்." எவ்வளவு சிரித்தார்! நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கடைவாயைப் பார்த்தேன்.

பாட்டு நின்றுவிட்டது. எழுந்துவிட்டார். அப்பா, எழுந்துவிட்டார், யாரும் பிடிக்கக் கூடாது என்று கையைக் காட்டுகிறார், காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து மேடைக்குப் போகிறார், மேடையில் நான் தைத்த வெள்ளைத் துணி, ஓரத்தில் சங்கிலித் தையல், மைக் ஒரு தடவை கூவுகிறது, கூரையிலிருக்கிற ஃபேன் எல்லாம் என் தலைக்குள் சுற்றுகிறது, இது ஆனந்தம்தானே, ஆனந்தம்தான், பயமாக இருந்தால் கை குளிர வேண்டுமே, என் கை கொதிக்கிறது. "பிரியமானவங்களே." வந்துவிட்டது. முழு வார்த்தை. கோணாமல். "ஆண்டவர்... நல்லவர்." முன்னெல்லாம் இதைச் சொன்னால் கூரை பறக்கும். இப்போது யாருக்கும் ஆமென் வரவில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. அன்றைய மழைக்குப் பிறகு இந்தச் சபையில் ஒருத்தரும் வாய்விட்டுப் பாஷை பேசினதில்லை, இவருக்குப் பதிலாகக் கோவில்பட்டியிலிருந்து ஒரு தம்பி வந்து செய்தி கொடுத்தார், நல்ல தம்பி, எவ்வளவோ உருக்கமாய் ஜெபித்தார், யாராவது கொஞ்சம் முனகினால்கூடப் பக்கத்தில் இருக்கிறவர் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். மாரிக்கனி அக்காவே சொன்னாள், "யாரு பாஷை பேசினாலும் நான் வாயைத்தான்ம்மா பாக்கேன், கோணுதான்னு." எல்லாருக்கும் அது தொற்றிக்கொண்டது. இவர் நிற்கிறார், காத்திருக்கிறார். ஆமென் இல்லாமல் இவருக்கு அடுத்த அடி வைக்கத் தெரியாது. "ஆமென்... சொல்லுங்களேன். நான்... சாகல." யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு ஆண்கள் பக்கம், பிறகு எங்கள் பக்கம், சிரிப்பும் ஆமெனும் ஒன்றாய் வந்தது, சின்னதாய், குளிரில் ஸ்டார்ட் ஆகிற வண்டி மாதிரி.

பேசுகிறார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு குழி, அதைத் தாண்டித் தாண்டி வருகிறார், சில குழியில் விழுகிறார், விழுந்தால் இடது கையால் மேடையைத் தட்டுகிறார், தட்டினதும் வார்த்தை வந்துவிடுகிறது. தலையணைக் கதையைச் சொல்லுகிறார். தண்ணிக்கு ஸ்தோத்திரம் சொன்னதைச் சொல்லுகிறார், சபையே சிரிக்கிறது. ஆனால் மூத்திரத்துக்கும் அதுதான் என்று சொல்லிவிடுவாரோ, ஐயோ, சொல்லிவிட்டார், பாஸ்டர் பேசுகிற பேச்சா இது, எனக்கு வெட்கம் பிடுங்குகிறது, முக்காட்டை இழுத்துக் கொள்ளுகிறேன், மாரிக்கனி அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசி இவரை நான் பார்த்ததே இல்லை, முன்னே இடிமுழக்கம் மாதிரிப் பேசுவார், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. இது நல்லாயிருக்கிறதே, ஆண்டவரே, இது அதை விட நல்லாயிருக்கிறதே. கெசியா கடிகாரத்தைக் காட்டுகிறாள். இவர் பார்த்துவிட்டார், தலையை ஆட்டினார், சரி முடிக்கிறேன் என்கிற மாதிரி. கண்ணை மூடினார். ஜெபம். முதலில் தமிழ், தடையில்லாமல், ஜெபம் எப்போதும் இவருக்குத் தடையில்லை. குரல் ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது. எனக்குத் தெரிந்த குரல், உப்பளத்துக் கொட்டகைக் குரல். அப்புறம், ஆண்டவரே, அப்புறம், தமிழ் முடிந்து வேறொன்று ஆரம்பித்துவிட்டது. விளங்காத பாஷை. குழைந்து, சுழன்று, ஓடுகிறது.

ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. டிரம் இல்லை. ஃபேன் சத்தமும் இவர் குரலும் மட்டும். கெசியா போனோடு எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை பேர் தலையும் திரும்புகிறது, மேடைக்கு இல்லை, என் பக்கம். ஏன் என்னைப் பார்க்கிறீர்கள், எனக்கு என்ன தெரியும், வியாதியா ஆவியா என்று நானா சொல்ல வேண்டும், போன தடவை நானும்தானே தட்டினேன். கடைவாயைப் பார்க்கிறேன், மைக் மறைக்கிறது. தாடையைப் பார்க்கிறேன், கண்ணில் தண்ணீர் திரண்டு எல்லாம் கோணலாய்த் தெரிகிறது, மேடையும் கோணல், சுவரும் கோணல், இவர் மட்டும் நேராக எப்படித் தெரிவார். எழுந்து ஓட வேண்டும். ஓடி நிறுத்தினால், அது உம்முடைய ஆவியாக இருந்தால்? நிறுத்தாமல் இருந்தால், அது அதுவாக இருந்தால்? வேதப்புத்தகத்தைக் கையில் வாங்கின அன்றைக்கு இதெல்லாம் யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அல்லேலூயா சொன்னாலும் தெரியாது, ஸ்தோத்திரம் சொன்னாலும் தெரியாது, அதெல்லாம் தூக்கத்திலும் வரும். எனக்குத் தலையணை வேண்டும், தம்ளர் வேண்டும், சீப்பு வேண்டும், ஒரு வீட்டு வார்த்தை கொடும் ஆண்டவரே, வேறொன்றும் கேட்கவில்லை, பரலோகத்து வார்த்தை எனக்கு வேண்டாம். இதைச் சத்தமாய்ச் சொல்லிவிட்டேனா? வாய் அசைந்தது. மாரிக்கனி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை உப்பாய்ச் சொரசொரவென்று.

நிறுத்திவிட்டார். கண்ணைத் திறந்தார். அத்தனை பேரும் தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே இடத்திலிருந்து, அதே தூரத்திலிருந்து. நானும் பார்த்தேன், ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாய்க் கண்ணைப் பார்த்தேன். இவருக்கு விளங்கிவிட்டது. எல்லாம் விளங்கிவிட்டது. மைக்கை வாயைவிட்டுக் கொஞ்சம் தள்ளினார், எனக்குத் தெரிகிற மாதிரி. சிரித்தார். இரண்டு கடைவாயும் ஏறியது. பிறகு இடது கையைத் தூக்கினார், உயரமாய். பிறகு வலது கை, நடுங்கி நடுங்கி, தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, வீட்டில் ஒரு நாளும் அவ்வளவு ஏறினதில்லை, ஏறுகிறது, ஏறுகிறது, நின்றது. சபைக்கு என்ன தெரியும்? பாஸ்டர் கையை உயர்த்துகிறார், ஆராதனை என்று நினைத்து ஒவ்வொருத்தராய்க் கையைத் தூக்குகிறார்கள், இஸ்ரவேல் அண்ணாச்சி குச்சியோடு தூக்குகிறார், தகரக் கூரைக்குக் கீழே முழுக்கக் கைகள், எனக்கும் கெசியாவுக்கும் மட்டும்தான் தெரியும் இது என்ன என்று. இன்னும் ஒன்று பாக்கி. சொல்லுங்க. சொல்லுங்களேன். மைக்குக்குக் குனிந்தார்.

"புஷ்பம்," என்றார். குழி இல்லை, தேடல் இல்லை. "இன்னைக்கும் காப்பியில சீனி பத்தல."

"அல்லேலூயா!" யாருடைய குரல் இது? என்னுடையதா? பாஸ்டரம்மா என்று முப்பது வருஷம் குரல் உயராமல் உட்கார்ந்திருந்தவள், பாயின் மேல் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிறேன், முக்காடு எங்கே போயிற்று, போகட்டும், கெசியா போனைப் பாயில் போட்டுவிட்டு அழுகிறாளா சிரிக்கிறாளா, டிரம் விழுந்தது, கூரை பறந்தது, அல்லேலூயா அல்லேலூயா என்று ஒரே முழக்கம். மாரிக்கனி அக்கா என் காதுக்குள் கத்துகிறாள், "யம்மா, பாஸ்டர் என்னமோ சீனின்னாரே, தரிசனமா?" ஆமா அக்கா, ஆமா, தரிசனந்தான் என்கிறேன். இதோ, மூச்சு இறங்குகிறது, அடிவயிறு வரைக்கும் இறங்குகிறது. சாயந்திரம் ரெண்டு ஸ்பூன் போடுவேன். டாக்டர் ஏசுவார். கெசியா விடமாட்டாள். சரி, ஒன்றரை. ஒன்றரை போடுவேன், ஆண்டவரே, இன்றைக்கு மட்டும், நீர் கண்டுகொள்ளாதேயும்.